கொடுக்காத மருந்து

என் அக்காவின் மகனுக்கு ஆறு மாதம் நடந்துகொண்டிருந்தபோது அவன் தோத்திரம் சொல்லத் தொடங்கினான். அப்படித்தான் வீட்டில் எல்லோரும் அதைச் சொன்னோம். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் சாமியாரைக் கண்டால் இரு கைகளையும் கூப்பித் தலையைத் தாழ்த்தி, "தோத்திரம் சாமி" என்பது வழக்கம். பேச்சு வராத குழந்தைக்கும் முதலில் பழக்குவது அதைத்தான். கைகளைப் பிடித்துச் சேர்த்துவைத்து, பின்னந்தலையை லேசாக அழுத்திக் குனியவைப்பார்கள்.

இவனுக்கு யாரும் பழக்கவில்லை. தூங்கி எழுந்ததும் தானாகச் செய்தான். தலை சட்டென்று மார்பில் இறங்கும். கைகள் இரண்டும் முன்னால் விரிந்து, பிறகு ஒன்றையொன்று தேடுவதுபோல நெருங்கும். ஒரு நொடி அப்படியே இருந்துவிட்டு நிமிர்வான். உடனே மறுபடியும் குனிவான். இப்படிப் பலமுறை செய்த பிறகு அழுவான்.

ஞாயிறு பூசை முடிந்து வரும் பெண்கள் அவனைப் பார்க்கவே எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார்கள். பங்குச்சாமியாரும் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். இது சாமியாராகப் போகிற பிள்ளை என்று பேச்சாயிற்று. அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், பஸ் கண்டக்டர். அவருக்கு வேறு மாதிரி தோன்றியது.

"டிக்கெட் எடுக்காம மாட்டிக்கிட்டவன் கும்புடற மாதிரியே கும்புடறான் பாரு. இவன் எந்த ஊருக்கு ஏறினானோ" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் சேலத்தில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். சனிக்கிழமைகளில் விடுப்புக் கிடைத்தால் ரயிலேறி மொரப்பூரில் இறங்கி, அங்கிருந்து எங்கள் ஊருக்கு டவுன் பஸ்ஸில் போவேன். அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, அக்கா குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப் பாக்க மாட்டேங்கறான்டா" என்றாள். "போன மாசம் பாத்தான். சிரிச்சான். இப்ப என் மூஞ்சிக்குப் பின்னாடி எதையோ பாக்கறான்."

நான் விரலைச் சொடுக்கினேன். திரும்பவில்லை. அவன் கழுத்து என் முழங்கையில் கனமாகச் சரிந்தது. முன்பு அந்தக் கழுத்து நிற்கும்.

தருமபுரியில் ஒரு டாக்டர் பார்த்தார். வலிப்பாக இருக்கலாம் என்று ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்தால் குழந்தை அதிகம் தூங்கினான். விழித்ததும் மறுபடி குனிந்தான். அந்த டாக்டரே பெங்களூரில் குழந்தைகளின் நரம்பு நோய் பார்க்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி, தாமதிக்காமல் போகச் சொன்னார். அக்காவும் மாமாவும் போனார்கள். அங்கே குழந்தையின் தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் அலைகளைத் தாளில் எடுத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார்; குழந்தை எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே காத்திருந்து, அவன் குனிவதையும் பார்த்தார். கன்னடம் கலந்த தமிழில் அவர் சொன்னதை அக்கா ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் சொன்னாள். இது ஒரு வகை வலிப்பு. சலாம் போடுவதுபோல இருப்பதால் வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். சாதாரண வலிப்பு மருந்து இதற்குச் சரியாகக் கேட்காது. வேறொரு மாத்திரை தருகிறேன். இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள், தள்ளிப்போடத் தள்ளிப்போட அறிவு குறைந்துகொண்டே போகும். இரண்டு வாரத்தில் திரும்பி வந்து காட்டுங்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே மருந்துக்கடை இருந்தது. அவர்கள் அங்கே வாங்கவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், மொரப்பூரில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது.

அந்தக் கடைக்காரர் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர். ஞானஸ்நானத்தின்போது அக்கா மகனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன். உறவுக்காரர் இல்லையென்றாலும் அதன் பிறகு உறவுக்கும் மேலாகிவிட்டவர். அக்கா அவரை அண்ணா என்பாள். சென்னையில் மருந்தாளுநர் படிப்பு முடித்துவிட்டு வந்து ஸ்டேஷன் ரோட்டில் கடை வைத்தவர். அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். சீட்டை வாங்கினால் முதலில் முழுதாகப் படிப்பார், பிறகு வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். தூக்க மாத்திரை வேண்டும் என்று வெறுங்கையோடு வருபவருக்குக் கிடைக்காது. தனக்கு எழுதிய மாத்திரையை மாமியாருக்கும் கொடுக்கலாமா என்று கேட்ட பெண்ணுக்கு அந்த மாத்திரையே கிடைக்கவில்லை. "வேணாங்க" என்று சீட்டை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவர் கொடுக்கவில்லை என்றால் அது உடம்புக்கு ஆகாதது என்று சுற்றுப்பட்டு ஊர்களில் எடுத்துக்கொண்டார்கள். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர் அங்கேயே இருந்தார்.

அன்று நானும் சேலத்திலிருந்து வந்திருந்தேன். பெங்களூர்ப் பக்கமிருந்து வந்த வண்டியில் அவர்கள் இறங்கினார்கள். மூவரும் குழந்தையோடு நேராகக் கடைக்குப் போனோம்.

அவர் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுச் சீட்டை வாங்கினார். படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் படித்தார்.

"இந்தப் புள்ளைக்கா எழுதினாரு?"

"ஆமாங்கண்ணா" என்றாள் அக்கா.

"எடை போட்டாங்களா?"

"போட்டாங்க."

அவர் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். அதைத் திறந்து, மாத்திரையை விட்டுவிட்டு, உள்ளே மடித்துவைத்திருந்த பொடி எழுத்துத் தாளை வெளியே எடுத்து மேசையில் நீவினார். அது ஸ்டீராய்டு மாத்திரை. எந்தெந்த நோய்க்கு என்று தாளில் வரிசையாகப் போட்டிருந்ததை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். இளைப்பு, மூட்டுவாதம், தோல் நோய், ஒவ்வாமை. பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ பேப்பர்காரன். ஒரு எழுத்து விடாம படிக்கறவன். வலிப்புன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா பாரு."

படித்தேன். போட்டிருக்கவில்லை. பச்சைக் குழந்தைகளுக்குக் கவனமாகக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் ஓரிடத்தில் இருந்தது.

"இளைப்பு இழுக்கற பெரிய ஆளுக்கு எழுதற அளவு இது. ஏழு கிலோ புள்ளைக்கு, தெனமும், வாரக்கணக்கா. தங்கச்சி, இத நான் குடுக்க மாட்டன்."

இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மாமா சொன்னார். அங்கே கூட்டம் இருந்ததா என்று அவர் கேட்டார். உட்கார இடமில்லாத கூட்டம் என்றார் மாமா.

"அதான். வேற யாருக்கோ எழுத வேண்டியத எழுதிட்டாரோ என்னவோ."

அதன் பிறகு அவர் ஒரு விஷயத்தைச் சொன்னார். படிப்பு முடித்த புதிதில் வேறொருவர் கடையில் வேலை பார்த்தபோது, இளைப்புக்காரச் சிறுமி ஒருத்திக்கு இதே மாத்திரையை அவள் அப்பா வந்து வந்து வாங்கிப் போவாராம். எந்த டாக்டர் எழுதியது, எவ்வளவு நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை. சிறுமியின் முகம் நிலாபோல் உருண்டுவிட்டது. பிறகு ஒருநாள் வீட்டில் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். அதோடு அவள் பிழைக்கவில்லை. "எண்ணிக் குடுத்தது இந்தக் கைதான்" என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார். அக்கா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

டாக்டரிடமே கேட்டுவிடலாமே என்றேன். அவர் உடனே பெங்களூருக்கு டிரங்கால் பதிவு செய்தார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். லைன் கிடைத்தபோது ஆஸ்பத்திரியில் எடுத்தவர், டாக்டர் கிளம்பிவிட்டார், திங்கட்கிழமைதான் இருப்பார் என்றார். சரி, திங்கட்கிழமை பேசுகிறேன் என்று இவர் வைத்துவிட்டார். அதுவரைக்கும் தருமபுரி டாக்டர் எழுதிய சிரப்பையே கொடுக்கச் சொல்லி ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்தார். சீட்டு நாலாக மடிந்து அக்காவின் கைக்குத் திரும்பி வந்தது.

தெருவுக்கு எதிர்ப்புறம், கொஞ்சம் தள்ளி, இன்னொரு மருந்துக்கடை இருந்தது. ஊரில் நிலபுலன் உள்ள ஒரு குடும்பத்தின் கடை. நாங்கள் அதைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போனோம். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஞானத்தகப்பன் மறுத்த மருந்தை எதிர்க்கடையில் போய் வாங்குவது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தோன்றக்கூடிய காரியம் அல்ல. மாமா அவர் மேல் நன்றியோடு வந்தார். பெரிய ஊர் டாக்டர் கவனிக்காததை நம்ம ஆள் கவனித்துவிட்டார் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்று அடுத்தமுறை ஊருக்குப் போனபோது கேட்டேன். லைன் கிடைக்கவில்லையாம். அதற்குள் குழந்தை குனிவது குறைந்ததுபோல இருந்ததால் அவரும் விட்டுவிட்டார், வீட்டிலும் விட்டுவிட்டார்கள். சிரப்பின் மயக்கத்தில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். விழித்திருக்கும் நேரம் குறைந்ததால் குனியும் நேரமும் குறைந்தது. அது எங்களுக்குப் பிறகுதான் விளங்கிற்று.

இரண்டு வாரத்தில் வரச் சொன்ன டாக்டரிடம் அவர்கள் போகவில்லை. நான் அக்காவிடம் வற்புறுத்தினேன். அவள் சொன்ன பதில் இது.

"அவ்ளோ பெரிய டாக்டரு. எழுதிக் குடுத்ததக் குடுக்காம, எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுடா அவுரு முன்னாடி போய் நிக்கிறது?"

எங்கள் பக்கத்தில் இதற்கு எதிர்வாதம் கிடையாது. டாக்டர் சொன்னதைச் செய்யாமல் அவரிடம் திரும்பிப் போவது மரியாதைக் குறைவு. போகாமல் இருப்பது மரியாதைக் குறைவில் சேராது. அப்படி எத்தனையோ பேர் எத்தனையோ டாக்டர்களிடம் போகாமல் இருந்திருக்கிறார்கள்.

அரை வருடத்துக்கும் மேலான பிறகுதான் பெங்களூருக்குப் போனார்கள். அப்போது குழந்தை உட்காரவில்லை, பிடித்துக்கொள்ளவில்லை, பசித்தால் மட்டும் ஒரே மாதிரி ஒரு சத்தம் போட்டான். டாக்டர் மறுபடி தலையில் கம்பிகளை ஒட்டிப் பார்த்தார். மாத்திரை எவ்வளவு நாள் கொடுத்தீர்கள் என்று கேட்டார்.  அக்காதான் பதில் சொன்னாள். எங்கள் ஊர்க் கடையில் அந்த மாத்திரை இருப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அதனால் கொடுக்க முடியவில்லை என்றாளாம். மறுத்தார் என்று சொல்லவில்லை. ஞானத்தகப்பனை ஒரு வெளியூர்க்காரர் ஏசிவிடக் கூடாது என்று, அந்த நிலையிலும் அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

டாக்டர் ஏசவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாராம். கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாதம்மா. சில குழந்தைகளுக்குச் சரியாகிறது, சில குழந்தைகளுக்கு ஆவதில்லை. இனிமேல் கொடுத்துப் பெரிய பலன் இருக்காது. கொடுத்துப் பார்க்கலாம். பெங்களூரிலேயே வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். குனிவது நின்றது. வேறு எதுவும் திரும்பி வரவில்லை.

இதை மொரப்பூரில் சொல்லக் கூடாது என்று அக்கா என்னிடமும் மாமாவிடமும் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

ஞானத்தகப்பன் எல்லா ஞாயிறும் பூசைக்குப் பிறகு குழந்தையைத் தூக்கிக்கொள்வார். அவன் வளர வளரத் தூக்குவது சிரமமாயிற்று. காலும் கையும் விறைத்துப்போய் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். அவர் விடவில்லை. நோயின் போக்கு இது, ஆண்டவர் உயிரையாவது விட்டுவைத்தாரே என்பார். தான் மறுத்ததால்தான் உயிர் தங்கிற்று என்று அவர் நம்பியது எங்களுக்குத் தெரியும். அக்கா அவரிடமிருந்து பிள்ளையைத் திரும்ப வாங்கும்போது, "அண்ணா, கை வலிக்கப் போவுது, குடுங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவனுக்கு ஆறு வயது இருக்கும்போது தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்ட மருந்துக்கடைக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். என் ஊர்ப்பக்கம் என்பதால் ஆசிரியர் என்னை அனுப்பினார். டாக்டர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுக்க மறுக்கும் உரிமை மருந்தாளுநருக்கு உண்டா என்பதுதான் அன்றைய பேச்சு. அதிலும் எந்த நோய்க்கு என்று மருந்துப் பெட்டியில் போட்டிருக்கிறதோ அதற்கு வெளியே டாக்டர் எழுதினால் என்ன செய்வது? நல்லம்பள்ளியிலிருந்து வந்த ஒருவர், டாக்டர் எழுதுகிறார், நாம் கொடுக்கிறோம், நடுவில் நாம் யார் என்றார். இன்னொருவர், கொடுத்து ஏதாவது ஆனால் போலீஸ் முதலில் வருவது நம் கடைக்குத்தானே என்றார். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"சந்தேகமா இருந்தா மறுக்கலாம்னு தீர்மானம் போட்டீங்கன்னா, எங்கூரு டாக்டர் கையெழுத்துக்கு நான் கடையே தொறக்க முடியாதுங்க."

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போது எங்கள் கடைக்காரர் மேடையேறினார்.

அவர் அன்று நன்றாகப் பேசினார். மறுப்பது வியாபாரத்துக்கு நஷ்டம், இருந்தாலும் மறுக்கிற கை நமக்கு இருக்க வேண்டும் என்றார். பிறகு, பேர் சொல்லாமல், தன் ஞானப்பிள்ளையின் கதையைச் சொன்னார். பெரிய டாக்டர் எழுதியது, பெட்டித் தாளில் இல்லாத நோய், கைக்குழந்தைக்கு அவ்வளவு அளவு. "பெத்தவங்க என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் மாட்டன்னு சொன்னன். இன்னிக்கி அந்தப் புள்ள உசுரோட இருக்குது." கை தட்டினார்கள். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். 

சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் அரசு ஆஸ்பத்திரியின் இளம் குழந்தை மருத்துவர். ஒரு சந்தேகம் கேட்கலாமா என்று எழுந்தார். அது எப்படிப்பட்ட வலிப்பு என்று கேட்டார். இவர் மேடையில் நின்றபடியே தலையைத் தாழ்த்தி, கைகளை விரித்துச் சேர்த்துக் காட்டினார்.

இளம் டாக்டருக்கு அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியிருக்க வேண்டும். ஆனால் எழுந்து நின்றுவிட்டார்.

"அந்த வலிப்புக்கு அந்த மருந்துதாங்க. பெட்டியில போட்டிருக்காது. எங்க பாடப் புத்தகத்துல இருக்குங்க" என்றார். அந்த வயதில் அந்த அளவு அதிகம் என்று சந்தேகப்பட்டது நியாயம்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இவர் மைக்கின் முன்னால் இன்னும் கொஞ்சம் நின்றார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்தவர் பேசத் தொடங்கினார். மறுக்கும் உரிமை வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. எங்கள் பத்திரிகையில் அது உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. என் செய்தியில் அவர் பேச்சின் முதல் பாதி மட்டும் இருந்தது.

மண்டபத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு இருவரும் நடந்தோம்.  பாதி வழியில், எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். தங்கச்சிக்கு? தெரியும் என்றேன். மொரப்பூர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். இறங்கும்வரை தன் உள்ளங்கைகளைத் தொடைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஞாயிறு. அவர் பூசைக்கு வரவில்லை. பிற்பகலில் வீட்டுக்கு வந்தார். அக்கா வாசலில், தச்சர் செய்து கொடுத்த நாற்காலியில் பிள்ளையைத் துண்டால் கட்டி உட்காரவைத்து, கேழ்வரகுக் கூழைச் சிறிது சிறிதாக ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையைத் தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால் விழுங்க மாட்டான். அவர் உட்காரவில்லை.

"ஏன் தங்கச்சி எங்கிட்ட சொல்லல?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் முந்தின நாள் நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"சொல்லி என்னங்கண்ணா ஆவப்போவுது."

"என்னத் திட்டியிருக்கலாமில்ல. ஆறு வருசமா இந்தக் கையில புள்ளையக் குடுத்து குடுத்து வாங்கினியே."

அவள் இன்னொரு வாய் ஊட்டினாள். தொண்டையைத் தடவினாள். அவன் விழுங்கியதும்தான் பேசினாள். அந்தக் குற்றச்சாட்டு அவரை நோக்கி இருக்கவில்லை.

"நீங்க படிச்சவரு. பயந்துதான் குடுக்கல. நாந்தான் பெத்தவ. எதிர்லயே கடை இருந்திச்சி. அன்னிக்கி அதத் தாண்டித்தான் வந்தன். சீட்டு என் கையிலதான் இருந்திச்சி. நீங்க என்ன நெனப்பீங்களோன்னு ஒரு நெனப்பு. அதுக்காவ எம் புள்ளைய வாரிக் குடுத்துட்டன். ராத்திரி கண்ண மூடினா அந்தக் கடைதாண்ணா வருது."

அதுவரை எங்கள் யாருக்கும் இது தெரியாது. மாமா உள்ளேயிருந்து வாசற்படிவரை வந்து, அங்கேயே நின்றுவிட்டார். அவள் எவர்மேலாவது கோபமாக இருப்பாள் என்று இத்தனை வருடமும் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

கடைக்காரர் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பிள்ளையின் விறைத்த கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போயிருந்தாலும் கெடைச்சிருக்காது" என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க பஸ் ஏறினதும் நான் அந்தக் கடைக்குப் போனன். இப்பிடி ஒரு சீட்டு வந்தா குடுக்காதீங்க, கைக்கொழந்த, செத்துப்புடும்னு சொல்லிட்டு வந்தன். தருமபுரியில எனக்குத் தெரிஞ்ச கடைங்களுக்கும் போன் போட்டுச் சொன்னன். நீ எங்க போயிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லியிருப்பாங்க. அதுவும் நான் பண்ணதுதான். உம்மேல ஒண்ணுமில்ல, தங்கச்சி."

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று வெகுநேரம் அழுதாள். அவர் எழுந்திருக்கவில்லை. கூழ் ஆறிப்போனது. பிறகு அவரே கிண்ணத்தை எடுத்து, அவள் செய்ததுபோலவே தொண்டையைத் தடவித் தடவி, மிச்சத்தை ஊட்டினார்.

கேட்டதைச் சரிபார்ப்பது என் தொழில். யாரும் கேட்காவிட்டாலும் கை அதைச் செய்துவிடும். சில வாரங்கள் கழித்து, சேலம் வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில், அந்த எதிர்க்கடைக்குப் போய்த் தலைவலி மாத்திரை வாங்கினேன். கடையின் முதலாளி என்னைத் தெரிந்தவர். பேச்சோடு பேச்சாக, எங்கள் கடைக்காரர் எப்போதாவது வந்து ஒரு சீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன்.

"அவுரா? எங்க கடைக்கா?" என்று அவர் சிரித்தார். "எங்கப்பா செத்தன்னிக்கி மால எடுத்துக்கிட்டு வூட்டுக்கு வந்தாரு. மத்தபடி இந்தப் படிய அவுரு மிதிச்சதே இல்லீங்க. எங்களுக்குள்ள ஆவாது, ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

போனிலாவது?

"போனா. எங்க நம்பர் அவுருக்குத் தெரிஞ்சிருந்தாலே அதிசயந்தாங்க."

அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி, அது அப்போதெல்லாம் இங்கே கிடைக்குமா என்று கேட்டேன்.

"அதுக்கென்னங்க, எப்பவும் இருக்கும். சீட்டக் கொண்டாந்தா குடுத்திருப்போம். ஏன், யாருக்கு?"

யாருக்கும் இல்லை என்றேன்.

மருந்தாளுநருக்கு மறுக்கும் உரிமை வேண்டும் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். அதற்கு ஆதரவாகப் பின்னாட்களில் எழுதியும் இருக்கிறேன். மறுத்த பிறகு அந்தச் சீட்டு எழுதினவரிடமே திரும்பிப் போக ஒரு வழி வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினேன். ஆனால் அவர் வாசலில் குந்தி உட்கார்ந்து சொன்ன அந்தப் பொய்யை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை. அவரிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் விசாரித்ததும் அவருக்குத் தெரியாது.

அடுத்த மழைக்காலத்தில் பிள்ளைக்குச் சளி பிடித்து, நெஞ்சில் இறங்கி, அவன் இறந்துபோனான். குழியில் முதல் மண்ணை மாமாவும் அவரும் போட்டார்கள்.

அதன் பிறகு ஒருநாள் அக்கா என்னை ரயிலேற்ற மொரப்பூருக்கு வந்தாள். ஸ்டேஷன் ரோட்டில் அந்த எதிர்க்கடைக்கு நேராக வந்ததும் நின்றாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். அலமாரிகள் நிறைய மருந்து இருந்தது. முதலாளி யாருக்கோ எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இவங்களும் குடுத்திருக்க மாட்டாங்க, இல்லடா?" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.